பாகு முறிந்த நாள்

மதினி,

கையிலிருந்து பட்டை வாசம் இன்னும் போகவில்லை. காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பிறகு சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் மணக்கிறது. நேற்று உங்களுக்கு வருஷப் படையல். பட்டை முந்திரி நான்தான் செய்தேன். நீங்கள் உயிரோடு இருந்து கேட்டபோது மாட்டேன் என்றவள், நீங்கள் போய் ஒரு வருஷம் கழித்துச் செய்தேன். நாத்தனார் மேல் எத்தனை பாசம் என்று தெருவில் நாலு பேர் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். உங்களுக்காவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். "பள்ளிக்கூடம் போன கையில கரண்டி நிக்காது" என்று நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சொன்னீர்கள். அந்த வாரத்திலேயே எனக்குக் கொழும்புக்காரி என்று பெயரும் வைத்தீர்கள். கடைசி வரை என் சொந்தப் பெயரை உங்கள் வாயால் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் கொழும்புக்காரியும் இல்லை. அப்பா அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதினார், பதினாறு வயது வரை நாங்களும் அங்கே இருந்தோம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் வெள்ளைக்காரக் கலப்பில் வந்த ஒரு பறங்கி அம்மாள் இருந்தாள். அவர்கள் பண்டிகைக்கு முந்திரியைச் சீனிப் பாகில் போட்டு, கறுவாப் பொடி தூவிக் கிளறி, சீசாவில் அடைத்து வைப்பாள். நம் ஊரில் பட்டை என்கிறோமே, அதற்கு அங்கே கறுவா என்று பெயர். சன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இங்கே வரும்போது என் பெட்டியில் ஒரு கட்டுப் பட்டை இருந்தது. நீங்கள் அதை மோந்து பார்த்து, "ஆட்டுக்கறிக்குப் போடுறத இனிப்புல போடுவாளாம்ல" என்று சிரித்தீர்கள். வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மதினி. புதுப்பெண் வேறு என்ன செய்வாள்?

உங்கள் கோபத்துக்குக் காரணம் எனக்கு ஒரு மாதத்தில் தெரிந்துபோயிற்று. ஆத்தா செத்த பிறகு உங்கள் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். கைம்பெண்ணாகி ஒரே மகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அந்த மகள் பொன்னம்மாளைத் தாய்மாமனுக்கே கட்டி வைத்தால் கடைசி வரை இந்த வீட்டை விட்டு நகர வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். அவளுக்கு வயது வருவதற்குள் என் மாமனார் என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கோபம் உங்கள் அப்பா மேல் வந்திருக்க வேண்டும். அவர் ஆண்பிள்ளை, அதுவும் அந்த வருஷமே கண்ணை மூடிவிட்டார். கைக்கு எட்டினவள் நான்தான்.

மூன்று வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த மூன்று வருஷமும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திட்டவே இல்லை. சோறு போடும்போது மட்டும், "நீ எதுக்குத்தா நெய் ஊத்திக்கிற, ஒனக்குத்தான் ஒடம்பு அப்படியே இருக்கே" என்பீர்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த ஐப்பசியில் பெரிய மாமாவும் பங்காளிகள் மூன்று பேரும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாமனாருக்கு அண்ணன் அவர், அவர் சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. பொன்னம்மாளை இரண்டாம் தாரமாக உங்கள் தம்பிக்கு முடித்துவிடும் பேச்சு அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் வெற்றிலை பாக்குத் தட்டைப் புளி போட்டு விளக்கியதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு நாள் தள்ளிப்போய் ஐம்பது நாள். மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்று உங்கள் தம்பிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். அவர் தோப்புக்குப் போய்த் தனியாக நின்று சிரித்துவிட்டு வந்தார். பெரிய மாமா வந்து உட்கார்ந்ததும் உங்கள் தம்பி தன் வாயாலேயே சொல்லிவிடுவதாகப் பேச்சு.

எனக்கு அன்றைக்கு வந்த தெம்பைச் சொல்லி முடியாது. வருகிறவர்களுக்கு இனிப்பு நானே செய்கிறேன் என்றேன். நம் தோப்பு முந்திரி, கோடையில் சுட்டு உடைத்துப் பானையில் போட்டு வைத்தது. கொட்டை உடைக்கும்போது வடிந்த பாலில் என் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது, அதுவும் அந்தக் கோடையில்தான். இருப்புச்சட்டியில் சீனியும் தண்ணீரும் கொதித்தன. முந்திரியைப் போட்டு, பட்டையை இடித்துச் சலித்துத் தூவினேன். தெருவரைக்கும் மணத்தது.

இந்தப் பாகு நம் அதிரசப் பாகு போல இல்லை மதினி. அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதத்தில் இறக்கிவிட வேண்டும், தவறினால் போயிற்று. இதற்கு இறக்கவே கூடாது. கிளறக் கிளறப் பாகு வற்றி, திடீரென்று வெள்ளை மணலாக உதிர்ந்து நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு எல்லாம் கெட்டுப்போயிற்று என்றுதான் தோன்றும். அப்போது தீயைத் தணித்து, வாயை மூடிக்கொண்டு கிளற வேண்டும். அந்த மணலே மறுபடி உருகி, சிவந்து, முந்திரியைப் பிடித்துக்கொள்ளும்.

சட்டியில் மணல் நிற்கிற நேரம் பார்த்து நீங்கள் அடுக்களைக்குள் வந்தீர்கள். கேட்டிருக்கலாம். "என்னத்தா இது" என்று ஒரு வார்த்தை. முந்திரிக்கொட்டை மாதிரி எதிலும் முந்திக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு உறக்கம் வராதே. சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் வந்து முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினீர்கள்.

"பாகு முறிஞ்சு போச்சு! வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு அடுப்பத் தொட்டிருக்கா இவ! நல்ல காரியம் பேச வந்த வீட்டுல தீட்டக் கலந்துட்டா!"

நம் பக்கத்தில் பாகு முறிந்தால் அடுப்பையோ விறகையோ யாரும் குறை சொல்வதில்லை. தீட்டோடு எவளோ கிட்டே வந்திருக்கிறாள் என்று ஆளைத் தேடுவார்கள். எந்தப் பாகைப் பார்த்தாலும் உங்களுக்கு அந்த ஒரு பாடம்தான் தெரியும். அன்றைக்கு நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை, அறியாமல்தான் செய்தீர்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இந்த மடலில் உங்களுக்கு நான் கொடுக்கிற சலுகை அது ஒன்றுதான்.

நான் முற்றத்துக்கு ஓடிவந்து பெரிய மாமா முன்னால் நின்றேன். "தூரமில்ல மாமா. அம்பது நாளாச்சு. இவுகளக் கேளுங்க" என்றேன். உங்கள் தம்பி வாயைத் திறந்தார். "அவ சொன்னா நீ நம்பிருவியாடா? அப்பப் பாகு எதுக்கு முறிஞ்சுச்சு? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லு" என்று நீங்கள் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டீர்கள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். பாகைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பொம்பளைக் காரியத்தில் அக்கா சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று பழகின மனுஷர். நான் பாகைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் கிளறினால் சரியாகிவிடும், சட்டியை அடுப்பில் வைக்க விடுங்கள் என்று கெஞ்சினேன். தீட்டுக்காரியை மறுபடி அடுப்பைத் தொட யார் விடுவார்கள்?

பெரிய மாமா தீர்ப்புச் சொன்னார். "எதுக்குச் சண்ட? மூணு நா கொட்டகையில ஒதுங்கி இருக்கட்டும். புள்ள உண்டாயிருந்தா ஒண்ணும் ஆகாது, உள்ள கூப்பிட்டுக்குவோம், பேச்ச விட்ருவோம். இல்லாட்டித் தன்னால தெரிஞ்சு போகும்ல."

கொல்லைக் கடைசியில், தூரமான பெண்கள் ஒதுங்குகிற அந்தக் கொட்டகை உங்களுக்குத் தெரியாததா? கீற்று மாற்றி எத்தனை வருஷமோ. முதல் நாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கோணிப்பை, ஒரு சட்டி, ஒரு வேளைக் கஞ்சி. தரையில் தண்ணீர் ஊறி வந்தது. மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடியும்போது என் பிள்ளை போய்விட்டது.

மழையா, காய்ச்சலா, அன்றைக்கு நான் பட்ட அவமானமா, இல்லை ருசி பார்க்க வாயில் போட்ட நாலு முந்திரியா, எனக்குத் தெரியாது. பட்டை சூடு, வயிற்றுப் பிள்ளைக்காரி தொடக்கூடாது என்று பிறகு யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதையும் போட்டு எத்தனையோ நாள் என்னையே அரைத்திருக்கிறேன். தானாகவே போகிறதாகவும் இருந்திருக்கலாம். இதை உங்கள் மேல் நான் போடவில்லை. உங்கள் மேல் போடுவதற்கு வேறு இருக்கிறது.

அன்று காலையில் நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். தன்னால் தெரிந்துவிட்டதா என்று பார்க்க வந்தீர்கள். வாசல் கீற்றை ஒதுக்கிவிட்டு நின்றவர், உள்ளே வந்து குனிந்து பார்த்தீர்கள். பொன்னம்மாளுக்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவர் நீங்கள். மாதாமாதம் வருகிறது எது, வயிற்றில் தங்கியது போவது எது என்று இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. உங்கள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். "எத்தன நாளுன்ன?" என்று கேட்டீர்கள். "இன்னிக்கு அம்பத்து ரெண்டு" என்றேன். உடுத்தியிருந்த பழைய சேலையில் ஒரு பக்கத்தைக் கிழித்தீர்கள். அதில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் மண்வெட்டியால் குழி வெட்டி மூடினீர்கள். மண்வெட்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்பது வெட்டு.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போனீர்கள். முடிவு கேட்க வந்து உட்கார்ந்திருந்த பெரிய மாமா, "என்னாச்சு?" என்றார். எனக்குக் கேட்டது மதினி. மழை விட்டிருந்தது, தெளிவாகக் கேட்டது.

"தூரந்தான்" என்றீர்கள்.

பாகைப் பார்த்துச் சொன்னதை மன்னிக்கலாம். தெரியாமல் சொன்னது. இது தெரிந்து சொன்னது. குழி வெட்டிய கையின் ஈரம் காய்வதற்குள் சொன்னது. அந்த ஒரு சொல்லில் நான் பொய்க்காரியானேன், என் பிள்ளை இல்லாமலே போயிற்று, தையில் உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

நாலாம் நாள் என்னை உள்ளே விட்டபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கையில் ஒரு உருண்டையைத் திணித்தீர்கள். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் இடித்துப் பிடித்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து. "யாருகிட்டயும் மூச்சு விடாம முழுங்கு, வயித்துப்புண்ணு ஆறட்டும்" என்றீர்கள். பத்து நாள் கொடுத்தீர்கள், பத்து நாளும் வாங்கி விழுங்கினேன். மாதத் தூரத்துக்கு யாராவது பிள்ளை பெற்ற மருந்து கொடுப்பார்களா? ஊருக்கு ஒன்று சொல்லி என் உள்ளங்கையில் வேறொன்று வைத்தீர்கள். அந்த மருந்தை நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் கசப்பு ஏறுகிறது.

உங்கள் மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் தாலி கட்டிய மறுநாள் அக்கா என்று கூப்பிடத் தெரியாமல் அழுதாள். அவள் பெற்ற இரண்டும் என் இடுப்பில்தான் வளர்ந்தன. எனக்கு அதற்குப் பிறகு தங்கவே இல்லை. இந்த வீட்டில் என்னைப் பெரியாத்தா என்று கூப்பிடுகிறார்கள், மரியாதையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று பொய் சொன்னவள் என்ற பேச்சு மட்டும் இருக்கிற இடத்தில் இருந்தது. உங்கள் தம்பி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் அவர் என்னை மன்னித்த விதம். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒருத்தி எப்படி இருப்பாள் என்று நீங்கள் நினைத்தே பார்த்ததில்லை.

போன வருஷம் கால் வீங்கி நீங்கள் படுத்துவிட்டீர்கள். குளிப்பாட்டியது நான், துணி மாற்றியது நான். உங்கள் மகள் வயலுக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அன்னைக்கு ஒரு முந்திரி செஞ்சியே, நல்லா மணத்துச்சு. எனக்குக் கொஞ்சம் செஞ்சு தாயேன்" என்றீர்கள். எத்தனை நெஞ்சழுத்தம் இருந்தால் அதைக் கேட்க வாய் வரும்!

"செய்றேன் மதினி. நீங்களும் ஒண்ணு செய்யுங்க. பெரிய மாமாவக் கூப்பிட்டு விடுறேன். அன்னைக்குப் பாத்தத அப்படியே சொல்லுங்க. சொன்ன மறுநிமிஷம் அடுப்பப் பத்த வைக்கிறேன்" என்றேன்.

"அத என் வாயால சொன்னா என் மக எங்கிட்டுப் போவா? பொய்யச் சொல்லிக் குடிபுகுந்தவன்னு அவளத்தானடி சொல்லும் ஊரு" என்றீர்கள். உங்கள் நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்பதற்காகக் கோபம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. "அப்ப வீட்டுல சீனி இல்ல மதினி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சீனி இருந்தது. ரேஷன் கார்டுக்கு வாங்கியது தகர டப்பாவில் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் செத்துப்போனீர்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் கடைசி வரை என் பக்கம் திரும்பவில்லை.

நேற்று விடியற்காலையில் பொன்னம்மாள் வந்து நின்றாள். "அக்கா, செத்தவுகளுக்குப் பிடிச்சதப் படைக்கணும்ல. ஆத்தா கடைசியா அந்த முந்திரியத்தான் கேட்டுச்சு. மனசு வைங்கக்கா" என்றாள். இரண்டு மாதச் சீனியை மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். பட்டையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நான் கிளறினேன். சட்டியில் பாகு வற்றி வெள்ளை மணலாக உதிர்ந்தது. "அய்யய்யோ, முறிஞ்சு போச்சுக்கா!" என்று பொன்னம்மாள் பதறி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியை இறக்க வந்தாள். அப்படியே நீங்கள்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாத. நின்னு பாரு."

கிளறினேன். மணல் ஓரத்தில் கசிந்தது, மினுக்கியது, சிவந்து முந்திரியைப் பிடித்தது. பிடித்த கையை நான் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப அன்னைக்கு..." என்றாள். "அன்னைக்கும் இதேதான்" என்றேன். நெய் தடவிய இலையில் முந்திரியைக் கொட்டியதும் அவளே ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள்.

படையலுக்கு ஆளுக்கு ஓர் இலை போடுவது நம் வீட்டு வழக்கம். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூன்று இலை போட்டாயிற்று. நான் அடுக்கிலிருந்து சின்னதாக ஒரு நுனி இலையை எடுத்தேன். நீர் தெளித்துத் துடைத்து, உங்கள் இலைக்குப் பக்கத்தில் போட்டேன். சோறு வைத்தேன், வடை வைத்தேன். பொன்னம்மாள் முந்திரித் தட்டோடு வந்து அந்தச் சின்ன இலையில்தான் முதலில் வைத்தாள். உங்கள் இலைக்குப் பிறகுதான் வந்தாள்.

பெரிய மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. இலையை எண்ணுவதில் மட்டும் தப்பமாட்டார். "நாலாவது யாருக்குத்தா?" என்றார்.

"எம் புள்ளைக்கு மாமா. கொட்டகையில போனதுக்கு. இருந்தா இப்பப் பதினோரு வயசு."

சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். "நெசமாவா?"

"ஒங்க அக்காவக் கேளுங்க" என்றேன்.

அவர் உங்கள் இலையைப் பார்த்தார் மதினி. சூடம் கை சுடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. என் பிள்ளையைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். உங்களை நான் இத்தனை வருஷம் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன், செத்தாலும் விடமாட்டேன். ஆனால் அது இருந்தது என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி நீங்கள்தான். நீங்கள் போய்விட்டீர்கள். இனி நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.